டேஷண்டா, கிரேட் டேனா? அரிசி மூட்டையை வைத்து முடிவெடுங்கள்

மளிகைக் கடையில் 26 கிலோ அரிசி மூட்டை கிடைக்கும். அப்படி இரண்டு மூட்டைகளைப் பழைய போர்வை ஒன்றில் வைத்து, வீட்டுக் கூடத்திலிருந்து தெருவில் நிற்கும் வண்டிவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் பாருங்கள். மாடிப்படி இருந்தால் அதிலும் இறங்குங்கள். வளர்ந்த கிரேட் டேன் எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிற இரவில் உங்களுக்கு வாய்க்கும் வேலை இதுதான். நாய் அந்த இரண்டு மூட்டைகளைவிட எட்டுக் கிலோ கூடுதலாகவே இருக்கும். வலியில் திமிறவும் செய்யும். இந்தச் சோதனையில் தேறாத வீட்டுக்கு, பத்துப் பொருத்தமும் அமைந்தாலும் டேன் வேண்டாம்.

நாய் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "வீடு சின்னதாச்சே, பெரிய நாய் ஒத்து வருமா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குத் தேவைக்கு மேல் மரியாதை கிடைத்துவிட்டது. வளர்ந்த டேன் நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும். டேஷண்டோ குட்டையான காலை வைத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நூறு நடை நடக்கும், அழைப்பு மணிக்கு முன்பே குரைக்கும். இடத்தைவிட எடைதான் கணக்கு. தினசரிச் செலவு, மருந்து, பயணம், முதுமைப் பராமரிப்பு எல்லாமே கிலோவில்தான் வந்து நிற்கின்றன.

இரண்டுமே ஜெர்மனியில் உருவான இனங்கள். டேஷண்ட் வளைக்குள் புகுந்து வேட்டையாட வளர்க்கப்பட்டது. டேன், காட்டுப்பன்றியை மடக்கிய நாய்களின் வழிவந்தது. நம்மூரில் பார்க்கும் சாதாரண டேஷண்ட் 8 கிலோவை ஒட்டி இருக்கும் என்றும், டேனுக்குச் சராசரியாக 60 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். ஆண் டேன் 70 கிலோவைத் தாண்டுவதும் உண்டு.

தீவனமும் மருந்தும் ஒரே கணக்கல்ல

நாயின் தீவனத் தேவை எடைக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. கால்நடை மருத்துவர்கள் போடும் கணக்கைக் கைபேசியிலேயே போடலாம். எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள். வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுங்கள். அதை 70-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டிய கலோரி கிடைக்கும். கருத்தடை செய்த, வீட்டில் வளரும் நாய்க்கு அதை 1.6-ஆல் பெருக்க வேண்டும். 8 கிலோ டேஷண்டுக்கு இப்படி 530 கலோரி வரும். 60 கிலோ டேனுக்கு 2,400. எடை ஏழரை மடங்கு, உணவு நாலரை மடங்குதான். 100 கிராமுக்கு 350 கலோரி தரும் உலர் தீவனம் என்றால் டேஷண்டுக்கு நாளைக்கு 150 கிராம், மாதத்துக்கு நாலரைக் கிலோ. டேனுக்கு நாளைக்கு 690 கிராம், மாதத்துக்குக் கிட்டத்தட்ட 21 கிலோ. இது தொடக்கக் கணக்குதான். ஓடியாடும் இளம் டேனுக்கு 3,000 கலோரியும் போதாமல் போகும். சோபாவிலேயே கிடக்கும் டேஷண்டுக்கு 450 கலோரியே கூடுதல். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அதை வைத்து அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

மருந்தில் இந்தச் சலுகை கிடையாது. பத்துக் கிலோவுக்கு ஒன்று என்று வரும் குடற்புழு மாத்திரை டேஷண்டுக்கு ஒன்றுக்குள் முடிந்துவிடும், டேனுக்கு ஆறு. உண்ணிக்குக் கொடுக்கும் ஃப்ளூராலனர் மாத்திரை எடைவாரியாக வருகிறது. அதன் கடைசி அளவே 56 கிலோவோடு நின்றுவிடும். அதற்கு மேலான நாய்க்கு இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் 12 வாரத்துக்கு ஒருமுறை.

உண்ணிக் காய்ச்சல் வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். தமிழ்நாட்டில் நாய் வளர்ப்பவர்கள் எர்லிச்சியா என்ற இந்தக் காய்ச்சலை ஒருமுறையாவது சந்திக்காமல் இருப்பது அபூர்வம். வழக்கமான சிகிச்சை, கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் தினமும் டாக்ஸிசைக்ளின், 28 நாள். டேஷண்டுக்கு நாளைக்கு 80 மில்லிகிராம். டேனுக்கு 600 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஆறு வீதம் மொத்தம் 168. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும் என்பதால் ஒவ்வொரு வேளையும் சோற்றோடு சேர்த்து, பின்னாலேயே தண்ணீரும் கொடுக்க வேண்டும். வலி மருந்து, ஆன்டிபயாடிக் என்று பெரும்பாலானவற்றில் இதே ஏழரை மடங்கு. தடுப்பூசி விதிவிலக்கு: ரேபிஸ் ஊசி இரண்டுக்கும் ஒரே ஒரு மில்லிதான்.

கால்சியம் டானிக் என்ற வினை

டேன் வளர்ப்பில் பிழை அதிகம் நடப்பது முதல் வருடத்தில். பிறக்கும்போது அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டி இருக்கும் குட்டி, ஆறு மாதத்தில் 35 முதல் 40 கிலோவை எட்டிவிடும். இந்த வேகத்தைப் பார்த்ததும், "எலும்பு பலமாகணும்" என்று பெட் ஷாப்பில் கால்சியம் டானிக்கைக் கையில் கொடுப்பார்கள். தயாரிப்புத் தீவனம் சாப்பிடும் டேன் குட்டிக்கு அந்த டானிக் தீங்கு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இளங்குட்டிக்குக் குடலில் கால்சியத்தை "போதும்" என்று நிறுத்தும் கட்டுப்பாடு இன்னும் வளர்ந்திருக்காது. கொடுப்பதில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். குருத்தெலும்பு எலும்பாக மாறும் வேலை குழம்பி, கால்கள் வளையும், மூட்டு வீங்கும்.

அதற்காக வெறும் கோழிக்கறியும் சோறும் போட்டு வளர்த்தால் எதிர்ப்பக்கத்தில் போய் விழுவீர்கள். எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவும். குட்டி நடக்கும்போதே எலும்பு முறியும். பெரிய இனக் குட்டிகளுக்கென்று தனியாகத் தயாரித்த தீவனம் என்று பையில் எழுதியிருக்கிறதா பாருங்கள். அமெரிக்கத் தீவன விதிகளின்படி, வளர்ந்தால் 32 கிலோவைத் தாண்டும் நாயின் குட்டித் தீவனத்தில் உலர் எடையில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் இருக்கக் கூடாது. குட்டியைக் கொழுகொழுவென்று ஆக்கவும் வேண்டாம். ஒல்லியாக, நிதானமாக வளரட்டும். ஒன்றரை வயதுவரை ஓட்டப் பயிற்சி, படிக்கட்டில் ஏற்றி இறக்குவது, வழவழ டைல்ஸில் பந்து விளையாட்டு எதுவும் ஆகாது. கருத்தடைக்கும் பெரிய இனத்தில் எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொல்வார்கள்.

டேஷண்ட் குட்டிக்கு இந்தத் தலைவலி இல்லை. பத்து மாதம், ஒரு வயதுக்குள் வளர்ச்சி முடிந்துவிடும். பால் பல் விழாமல் நிரந்தரப் பல்லோடு சேர்ந்து நிற்கிறதா என்று மட்டும் ஆறேழு மாதத்தில் வாயைத் திறந்து பாருங்கள். நின்றால் மருத்துவரிடம் எடுத்துவிட வேண்டும். விட்டால் அந்த இடுக்கில் அழுக்கு சேர்ந்து ஈறு அழுகும். சின்ன நாய்களுக்குப் பல் நோய் பெரிய நாய்களைவிட அதிகம்.

ஒன்றுக்கு வயிறு, ஒன்றுக்கு முதுகு

ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு நள்ளிரவு ஆபத்து இருக்கிறது. இந்த இரண்டில் எதை உங்களால் சமாளிக்க முடியும் என்பதுதான் நிஜமான தேர்வு.

டேனுக்கு அது வயிறு. ஆழமான மார்புக்கூட்டுக்குள் இரைப்பை காற்றால் உப்பி, தன் அச்சிலேயே முறுக்கிக்கொள்ளும். உள்ளே போன காற்றும் வெளியேறாது, ரத்தமும் ஓடாது. நாய் நிலைகொள்ளாமல் அலையும், வாந்தி எடுக்க முயலும், ஆனால் எச்சிலும் நுரையும் தவிர ஒன்றும் வராது. வயிறு தட்டினால் மேளம் போல் ஒலிக்கும். காற்றை வெளியேற்றி, வயிற்றைத் திறந்து இரைப்பையைத் திருப்பி வைக்க ஒருசில மணி நேரம்தான் அவகாசம். விடியட்டும் என்று காத்திருந்தால் நாய் தங்காது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 1990-களில் இதை விரிவாக ஆராய்ந்தபோது, ஆபத்து மிகுந்த இனங்களில் டேன் முன்வரிசையில் நின்றது. பெற்றோருக்கோ உடன்பிறந்த குட்டிக்கோ வந்திருந்தால் ஆபத்து கூடுகிறது, அவசரமாக விழுங்கும் நாய்க்கும் கூடுகிறது. உயரமான ஸ்டாண்டில் கிண்ணம் வைத்து ஊட்டினாலும் கூடுகிறது என்று அந்த ஆய்வு சொன்னது. உயரமான நாய்க்கு உயரமான ஸ்டாண்ட் என்று விற்பது பார்க்க நியாயமாகத்தான் தோன்றும், வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியவை: ஒரே வேளையாகக் கொட்டாமல் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். கருத்தடை அறுவையின்போதே இரைப்பையை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு தைத்துவிடச் சொல்லுங்கள். உப்புவதை அது முழுக்கத் தடுக்காது, முறுக்குவதைத் தடுக்கும். உயிர் போவது முறுக்கினால்தான். குட்டி வாங்கும் முன்பே, இரவு இரண்டு மணிக்கு நாய்க்கு வயிற்று அறுவை செய்யும் மருத்துவமனை உங்கள் ஊரில் எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னையிலோ கோவையிலோ பதில் கிடைக்கக்கூடும். கிடைக்காத ஊரில் டேன் வாங்குவது சூதாட்டம்.

டேஷண்டுக்கு ஆபத்து முதுகுத்தண்டில். காலைக் குட்டையாக்கும் மரபணுக் கோளாறின் சகோதரம் ஒன்று, முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தென்ற வட்டுகளை இளம் வயதிலேயே காய்ந்து இறுக வைக்கிறது. பிதுங்கும் வட்டு தண்டுவடத்தை நசுக்கும். டேஷண்டுகளில் நான்கில் அல்லது ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் இது வருகிறது, பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள். "முதுகு நீளம், அதனால் வளைகிறது" என்று பலர் நினைக்கிறார்கள். நீளத்தைவிட இந்த வட்டுதான் காரணம்.

அறிகுறி படிப்படியாக வரும். சோபாவில் ஏறத் தயங்கும், தூக்கினால் கத்தும், முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். அடுத்து பின்னங்கால் தள்ளாடும், பிறகு இழுத்துக்கொண்டு போகும். வலி மட்டும் இருக்கும் கட்டத்தில் நாலு வாரத்துக்குக் குறையாமல் கூண்டு ஓய்வும் மருந்தும் பெரும்பாலும் போதும். நாலு நாளில் நன்றாக இருக்கிறதே என்று அவிழ்த்து விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. வலி மருந்து வலியை மறைத்திருக்கும், வட்டு ஆறியிருக்காது. பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளியும் நாய் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அன்றைக்கே அறுவை மருத்துவரிடம் போயாக வேண்டும். அதற்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வசதி வேண்டும், அதுவும் பெருநகரக் கதைதான்.

ஆனால் இங்கே எடை உங்கள் பக்கம். நடக்க முடியாத 8 கிலோ நாயை ஒருவரே தூக்கி, சிறுநீர்ப்பையை அமுக்கிவிட்டு, துடைத்துப் படுக்க வைக்கலாம். பின்பக்கச் சக்கர வண்டி கட்டி வருடக்கணக்கில் உற்சாகமாகத் திரியும் டேஷண்டுகள் உண்டு. டேனுக்கும் கழுத்தில் தண்டுவடம் நசுங்கித் தள்ளாடும் நோய் இருக்கிறது, இடுப்பு மூட்டுத் தேய்வும் இருக்கிறது. இதயத் தசை தளர்வதும் எலும்புப் புற்றும் இந்த இனத்துக்குப் புதிதல்ல. எழ முடியாத 60 கிலோ நாயை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும்.

டேஷண்டின் முதுகைக் காக்க மூன்று பழக்கம் போதும். எடை ஏற விடாதீர்கள். சோபா, கட்டில் அருகே சாய்பலகை வையுங்கள், படிக்கட்டுக்குத் தடுப்புப் போடுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்தொடைக்கு அடியில். அக்குளில் பிடித்துத் தொங்கவிடவே கூடாது. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் டேஷண்டை நிறுத்திக்கொண்டு போவது நம்மூரில் சகஜம். வண்டி நின்றதும் அது குதிக்கும், அந்த ஒரு குதி போதும். பையில் உட்கார வைத்துக் கொண்டுபோங்கள்.

வீட்டுக்குள்

டேனுக்குப் படுக்கை பத்து சென்டிமீட்டர் தடிமனுக்குக் குறையாத ஃபோம். வெறும் டைல்ஸில் படுத்தால் முழங்கை காய்த்து, பிறகு நீர் கோத்துக்கொள்ளும். நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்பு போடுங்கள், வழுக்கினால் இடுப்பு போகும். வால் டீ மேசை உயரத்தில் சுழலும். சுவரில் அடித்து அடித்து நுனி கிழிந்தால் ஆறவே மாதமாகும், சுவரெல்லாம் ரத்தப் புள்ளி. டேஷண்ட் இருக்கும் வீட்டில் பார்க்க வேண்டியவை வேறு: கேட்டுக்கு அடியில் உள்ள சந்து, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி, பூந்தொட்டி. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். தோண்டுவது அதன் பிறவிக் குணம்.

வெயில் இரண்டுக்குமே பகை, டேனுக்குக் கொஞ்சம் கூடுதல். உடல் பெரிதாகப் பெரிதாக, எடைக்கு ஏற்ற தோல்பரப்பு குறைகிறது. வெப்பம் வெளியேற வழி சுருங்குகிறது. குட்டைக்கால் டேஷண்டுக்கு வயிறு தார்ச்சாலைக்கு ஒரு சாண்கூட உயரமில்லை. ஏப்ரல், மே மாதங்களில் நடையை ஆறு மணிக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்ன நாய் கடிக்காது என்ற நம்பிக்கை தவறு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட, உரிமையாளர்களிடம் கேட்டுத் திரட்டிய ஆய்வில், அந்நியரிடமும் சொந்த வீட்டாரிடமும் சீறுவதில் முன்னணியில் இருந்த இனங்களில் டேஷண்டும் ஒன்று. டேன் பெரும்பாலும் சாது. ஆனால் அன்பாகச் சாய்ந்தாலே நாலு வயதுக் குழந்தை விழும், தெருநாயைக் கண்டு இழுத்தால் பாட்டியும் விழுவார். இழுக்காமல் நடக்கும் பயிற்சியை நாலு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஆறு மாதத்தில் தொடங்கினால் யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்று தெருவே பார்க்கும். டேஷண்டுக்குப் பயிற்சி தர யாரும் மெனக்கெடுவதில்லை, சின்னதுதானே என்று விட்டுவிடுகிறார்கள். கடி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ரயிலில் நாயைக் கூடவே அழைத்துப் போக ஏசி முதல் வகுப்பில் முழு கூபே அல்லது முழு அறை பதிவாக வேண்டும். இல்லையென்றால் கார்டு வேனில் உள்ள நாய்ப்பெட்டி. டேன் அந்தப் பெட்டியில் நிற்கவே முடியாது. அடுக்குமாடிச் சங்கத்தினர் நாயின் உருவத்தையோ இனத்தையோ காட்டித் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டியிருக்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். லிஃப்டில் ஏற மறுக்கும் அண்டை வீட்டாரோடு தினமும் வாழப் போவதும் நீங்கள்தான்.

எத்தனை வருடம்

டேன் ஏழு முதல் பத்து வருடம், டேஷண்ட் பன்னிரண்டு முதல் பதினாறு. ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் 74 இனங்களின் தரவை எடுத்துப் பார்த்ததில், உடல் எடை இரண்டு கிலோ கூடினால் ஆயுளில் ஏறத்தாழ ஒரு மாதம் குறைகிறது என்று கண்டார்கள். பெரிய நாய் சீக்கிரமே முதுமை அடையத் தொடங்கிவிடுவதில்லை. தொடங்கிய பிறகு வேகமாக மூப்படைகிறது. பிள்ளை ஆறாம் வகுப்பில் இருக்கும்போது டேன் வாங்கினால், அவன் கல்லூரியில் சேரும் வயதில் நாய் போய்விடும். அறுபதைத் தாண்டிய தம்பதி டேஷண்ட் வாங்கினால், எழுபத்தைந்திலும் அதை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும். நீண்ட ஆயுள் எல்லார்க்கும் சாதகம் என்று சொல்லிவிட முடியாது.

காவலுக்காகத்தான் டேன் என்றால் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை. 2005-இல் அஞ்சல் துறை அஞ்சல்தலையே வெளியிட்டுப் பெருமைப்படுத்திய ராஜபாளையத்துக்கு எடை பெரும்பாலும் 30 கிலோவுக்குள் நிற்கும், வெயிலும் பழகியது. வெள்ளை ரோமத்தோடு காது கேளாமையும் இந்த இனத்தில் வருவதுண்டு. குட்டி தூங்கும்போது தரை அதிராமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள்.

டேனோ டேஷண்டோ, குட்டி பார்க்கப் போகும்போது தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி நாய்ப்பண்ணை மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவாகியிருக்க வேண்டும், எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. கேசிஐ (இந்தியக் கென்னல் கிளப்) சான்றிதழ் வம்சத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. டேன் என்றால் பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயும் இதய எக்கோவும் கேளுங்கள், அந்த வம்சத்தில் வயிறு முறுக்கிச் செத்த நாய் உண்டா என்றும் கேளுங்கள். டேஷண்ட் என்றால் பெற்றோர், பாட்டன் வழியில் பின்னங்கால் விழுந்த நாய் உண்டா என்று கேளுங்கள். இரண்டு இனத்துக்கும் பொதுவான ஒரு தந்திரம் நிறத்தில் இருக்கிறது. டேனில் மெர்ல், டேஷண்டில் டாப்பிள் என்று திட்டுத்திட்டான சாம்பல் நிறத்துக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். இரண்டு பெயருக்கும் அடியில் இருப்பது ஒரே மரபணு. தாய், தந்தை இரண்டுமே அந்த நிறம் என்றால் குட்டிகளில் நான்கில் ஒன்று இரட்டைப் பங்கோடு பிறக்கும். பெரும்பாலும் வெள்ளையாக, கண் சிறுத்து, காது கேளாமல். "அபூர்வ வெள்ளைக் குட்டி" என்று தனியாக எடுத்துக் காட்டினால், அப்பன் என்ன நிறம் என்று கேளுங்கள்.